ஏ.ஐ. கையில் டெராஃபார்ம்: படிக்கக் கொடுக்கலாம், இடிக்கக் கொடுக்கலாமா?

இரண்டரை ஆண்டுகளாக மாணவர்கள் அனுப்பிய வீட்டுப்பாடங்கள், புராஜெக்ட்கள், தரவரிசைப் பட்டியல் எல்லாம் ஒரே கமாண்டில் காணாமல் போயின. 2026 தொடக்கத்தில் 'டேட்டாடாக்ஸ் கிளப்' என்ற இணையக் கல்வித் தளத்துக்கு நேர்ந்தது இது. ஹேக்கர் யாரும் உள்ளே வரவில்லை. சர்வர் பழுதாகவும் இல்லை. தளத்தை நடத்துபவர் 'கிளாட் கோட்' என்ற ஏ.ஐ. உதவியாளரிடம் ஒரு வேலையைக் கொடுத்திருந்தார். அது 'டெராஃபார்ம் டெஸ்ட்ராய்' என்ற கமாண்டை ஓட்டியது. டேட்டாபேஸ் போனது, அதோடு அதன் தானியங்கி பேக்கப்களும் போயின. அமேசானின் உதவிக் குழு தரவை மீட்டுத் தர சுமார் ஒரு நாள் ஆனது. மீட்க முடிந்ததே பெரிய விஷயம்.

"அந்த கமாண்டை ஓட்டுற அதிகாரத்தை அதுகிட்ட ஏன் கொடுத்தாங்க?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், இன்று பல நிறுவனங்கள் ஏ.ஐ. கோடிங் உதவியாளரைத் தங்கள் கிளவுட் கருவிகளோடு இணைத்துக்கொண்டிருக்கின்றன. அதில் நிஜமான பலனும் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், 'இணைப்பது' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ஏ.ஐ.க்கு சரியான ஆவணங்களைப் படிக்கக் கொடுப்பது. இன்னொன்று, அதன் கையில் சாவியைக் கொடுப்பது. இரண்டும் ஒரே பிளக் வழியாக வருவதால், முதலாவதுக்கு சரி சொல்பவர்கள் இரண்டாவதுக்கும் சேர்த்தே சரி சொல்லிவிடுகிறார்கள்.

டெராஃபார்ம் என்ன செய்கிறது?

ஒரு மொபைல் செயலி ஓட வேண்டுமென்றால் பின்னால் சர்வர், டேட்டாபேஸ், நெட்வொர்க், கோப்புகளைச் சேமிக்கும் இடம், யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிகள் எல்லாம் வேண்டும். முன்பு இவற்றை கிளவுட் நிறுவனத்தின் இணையதளத்தில் லாகின் செய்து ஒவ்வொன்றாக கிளிக் செய்து உருவாக்குவார்கள். பத்து சர்வர் வரை சமாளிக்கலாம். முந்நூறு ஆனால்? எதை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று ஒருவருக்கும் தெரியாது. மாற்றியவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோட்'. என்னென்ன வேண்டும் என்பதை ஒரு கோப்பில் கோடாக எழுதிவிட வேண்டும்; கருவி அதைப் படித்து கிளவுடில் உருவாக்கித் தரும். ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட டெராஃபார்ம் இந்த வகையில் மிகப் பிரபலம். 2023-ல் அதன் உரிமத்தை நிறுவனம் இறுக்கியபோது, கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் 'ஓபன்டோஃபு' என்று தனிக்கடை போட்டார்கள். ஹாஷிகார்ப்பை ஐ.பி.எம். 640 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் 2025 பிப்ரவரியில் முடிந்தது. சென்னையிலோ கோவையிலோ 'டெவ்ஆப்ஸ்' அல்லது 'கிளவுட் இன்ஜினீயர்' என்ற பெயரில் வேலை செய்பவர்களுக்கு டெராஃபார்ம் அறிமுகம் தேவையில்லை.

மற்றவர்கள் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது 'பிளான்'. கோடை மாற்றிய பிறகு உடனே எதையும் செய்யாமல், "இதைச் செய்தால் இத்தனை புதிதாக வரும், இத்தனை மாறும், இத்தனை அழியும்" என்று முன்கூட்டியே காட்டும் பட்டியல் அது. அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் 'அப்ளை' நடக்கும்.

இரண்டாவது 'ஸ்டேட் ஃபைல்'. தான் உருவாக்கியவை என்னென்ன என்று டெராஃபார்ம் வைத்திருக்கும் பதிவேடு. தாலுகா அலுவலகத்தில் இருக்கும் நிலப் பதிவேடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் கண்ணெதிரே இருக்கும். உழுது பயிரும் வைத்திருப்பீர்கள். ஆனால், பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையென்றால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்த நிலம் உங்களுடையதே இல்லை. டெராஃபார்மும் அப்படித்தான். ஸ்டேட் ஃபைலில் இல்லாத சர்வர், டெராஃபார்முக்கு இல்லாத சர்வர். அதில் இருப்பது எதுவோ, அதை அழிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

டேட்டாடாக்ஸ் கிளப்பில் நடந்தது இதுதான். நிர்வாகி புதிய கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். பதிவேடு பழைய கம்ப்யூட்டரிலேயே இருந்துவிட்டது. பதிவேடு இல்லாத டெராஃபார்ம், "இங்கே ஒன்றுமே இல்லை போல" என்று எல்லாவற்றையும் புதிதாகக் கட்டத் தொடங்கியது. பாதியில் கவனித்து நிறுத்திய அவர், இரட்டிப்பாக உருவானவற்றை மட்டும் துடைத்து எடுக்கும்படி ஏ.ஐ.யிடம் சொன்னார். இடையில் பழைய பதிவேடு புதிய கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. டெராஃபார்ம் கட்டியதை டெராஃபார்ம் வழியாகவே இடிப்பதுதான் சுத்தமான வழி என்று ஏ.ஐ. முடிவுகட்டி, இடித்தது. அதற்குள் பதிவேடு மாறிவிட்டிருந்தது. அதில் இருந்தது நிஜமாக ஓடிக்கொண்டிருந்த தளம்.

இதில் இன்னொரு விஷயம். அந்தத் தளத்தையும் தன் புதிய திட்டத்தையும் ஒரே அமைப்பில் சேர்க்க வேண்டாம் என்று அதே ஏ.ஐ. முன்பே சொல்லியிருந்தது. மாதம் சில டாலர் மிச்சமாகுமே என்று அவர் சேர்த்தார்.

ஏ.ஐ. ஏன் இங்கே தடுமாறுகிறது?

பைத்தானில் ஒரு ஃபங்ஷன் எழுதச் சொன்னால் பளிச்சென்று எழுதும் ஏ.ஐ., டெராஃபார்ம் கோடு என்று வந்தால் சறுக்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிது. பைத்தானின் அடிப்படை இலக்கணம் பத்து ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. கிளவுட் சேவைகள் நிற்காமல் மாறுகின்றன. அமேசான் கிளவுடுக்கான டெராஃபார்ம் இணைப்பான் ஒன்றில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் பொருள்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட வாரம் ஒரு புதிய வெளியீடு வருகிறது. ஏ.ஐ. மாடல் படித்ததோ ஒரு குறிப்பிட்ட தேதி வரை இணையத்தில் கிடந்த கோடு. அதில் பெரும்பகுதி பழசு.

கோப்புகளைச் சேமிக்கும் அமேசானின் 'எஸ்3 பக்கெட்'டை எடுத்துக்கொள்வோம். இதைவிட எளிமையான பொருள் கிளவுடில் இல்லை. ஒரு காலத்தில் அதன் அனுமதி, வெர்ஷன், லைஃப்சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே பிளாக்குக்குள் எழுதினோம். 2022 பிப்ரவரியில் வந்த 4.0 வெளியீடு, இவை ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொருளாகப் பிரித்தது. ஏகப்பட்ட நிறுவனங்களின் கோடு உடைந்து பெரிய கூச்சல் எழுந்தது. சில வாரங்களில் 4.9 வெளியீட்டில் பழைய முறையையும் எச்சரிக்கையோடு தொடர அனுமதித்தார்கள். சரி, எல்லோரும் புதிய முறைக்கு மாறினார்கள். 2023 ஏப்ரலில் அமேசானே தன் பக்கம் விதியை மாற்றியது: புதிய பக்கெட்களில் பழைய பாணி அனுமதிப் பட்டியலான 'ஏ.சி.எல்.' இயல்பிலேயே முடக்கப்பட்டிருக்கும் என்றது. விளைவு, 2022-ல் 'புதிய முறை'யில் அனுமதியைத் தனிப் பொருளாக எழுதியவர்களின் கோடு, புதிய பக்கெட் உருவாக்கும்போது எர்ரர் கொடுத்தது. பக்கெட்டின் உரிமை யாருக்கு என்பதை இன்னொரு பொருளாக எழுதிய பிறகே அது ஓடும்.

அதாவது ஒரு சாதாரண பக்கெட்டுக்கு மூன்று தலைமுறைக் கோடு. மூன்றும் இணையத்தில் கிடக்கின்றன. இதில் அதிகம் இருப்பது, நீண்ட காலம் புழக்கத்தில் இருந்த முதல் தலைமுறை. ஏ.ஐ. எதை எழுதும் என்று நீங்களே ஊகிக்கலாம். பெரும்பான்மையைப் பார்த்துக் கற்கும் இயந்திரத்துக்கு, நேற்று மாறிய விதி சிறுபான்மைதான்.

பழசை எழுதினால்கூடப் பரவாயில்லை, எர்ரர் வரும், திருத்திவிடலாம். இல்லாததைக் கற்பனை செய்தால்? கோடு எழுதும் 16 மாடல்களைச் சோதித்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, அவை பரிந்துரைத்த சாஃப்ட்வேர் பேக்கேஜ்களில் 19.7 சதவீதம் உலகத்திலேயே இல்லாதவை என்று கண்டது. கட்டண மாடல்களில் இது சுமார் 5 சதவீதம், ஓபன் சோர்ஸ் மாடல்களில் 21 சதவீதத்துக்கு மேல். அது பைத்தானையும் ஜாவாஸ்கிரிப்டையும் பற்றிய ஆய்வு. மாடல்களும் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் நோய் அதேதான். பெயர் கேட்பதற்கு சரியாக இருக்கும், பொருள் இருக்காது.

எம்.சி.பி.: நடுவில் ஒரு பிளக்

இந்த இடத்தில்தான் இணைப்பு வேலைக்கு வருகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற திறந்த வரையறையை வெளியிட்டது, சுருக்கமாக எம்.சி.பி. ஏ.ஐ. உதவியாளரும் வெளிக்கருவிகளும் பேசிக்கொள்ள ஒரு பொதுவான பிளக் வடிவம் என்று புரிந்துகொள்ளலாம். போட்டி நிறுவனங்களான ஓபன்ஏ.ஐ.யும் கூகுளும் 2025-ல் இதையே ஏற்றன. ஆளுக்கொரு சார்ஜர் என்ற நிலை இங்கே வராமல் தப்பித்தது.

ஹாஷிகார்ப் 2025-ல் டெராஃபார்முக்கென்று ஒரு எம்.சி.பி. சர்வரை வெளியிட்டது. 'சர்வர்' என்றதும் பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பிலேயே ஓடக்கூடிய சிறிய புரோகிராம். நீங்கள் எடிட்டரில் "எஸ்3 பக்கெட் ஒண்ணு வேணும், வெளியாட்கள் பார்க்கக் கூடாது" என்று எழுதுகிறீர்கள். ஏ.ஐ. தன் ஞாபகத்திலிருந்து எழுதாமல், முதலில் இந்தச் சிறிய புரோகிராமிடம் கேட்கிறது. அது டெராஃபார்மின் பொதுப் பதிவகத்துக்குப் போய், அந்த இணைப்பானின் இன்றைய ஆவணத்தை எடுத்துத் தருகிறது. அதைப் படித்துவிட்டு ஏ.ஐ. எழுதுகிறது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு மாதிரி.

அமேசான் தன் ஆவணங்களுக்குத் தனி எம்.சி.பி. சர்வர் வைத்திருக்கிறது. டெராஃபார்மின் போட்டியாளரான புலுமியும் வைத்திருக்கிறது.

பலன் இருக்கிறதா? என் மதிப்பீட்டில், நிச்சயமாக இருக்கிறது. பழைய இலக்கணம், இல்லாத ஆர்க்யுமென்ட், தவறான பெயர் ஆகிய மூன்று வகைப் பிழைகளும் கணிசமாகக் குறையும். 2025 ஜூனில் வந்த 6.0 வெளியீடு, ஒவ்வொரு பொருளுக்கும் அது எந்த ரீஜனில் இருக்க வேண்டும் என்று நேரடியாக எழுத வழி செய்தது. அதற்கு முன் மும்பையில் ஒன்றும் ஹைதராபாத்தில் ஒன்றும் வேண்டுமென்றால் இரண்டு இணைப்பான் அமைப்புகளை எழுதி, ஒவ்வொரு பொருளையும் அதனோடு கோக்க வேண்டும். ஞாபகத்தை மட்டும் நம்பும் ஏ.ஐ. பழைய நீண்ட வழியையே எழுதிக்கொண்டிருக்கும். ஆவணத்தைப் படித்தது ஒரே வரியில் முடித்துவிடும்.

ஆனால், ஆவணத்துக்குத் தெரியாதவையும் உண்டு. உங்கள் நிறுவனத்தில் எல்லா டேட்டாபேஸுக்கும் பெயர் எப்படி வைப்பார்கள், எந்த டேக் இல்லாவிட்டால் ஃபைனான்ஸ் குழு சத்தம் போடும், எந்த மாட்யூலை மூன்று வருடமாக யாரும் தொடக் கூடாது என்று சீனியர் சொல்லிவைத்திருக்கிறார்... இதெல்லாம் பொதுப் பதிவகத்தில் கிடையாது. நிறுவனம் தன் சொந்த மாட்யூல்களைத் தனிப் பதிவகத்தில் ஒழுங்காக ஆவணப்படுத்தி வைத்திருந்தால் அதையும் இணைக்கலாம். வைத்திருந்தால்! பல இடங்களில் அந்த ஆவணம் ஒரு பழைய மெசேஜ் குழுவிலும் நாலு பேர் தலைக்குள்ளும்தான் இருக்கிறது.

அதே பிளக்கில் சாவியும் வருகிறது

இதுவரை சொன்னது படிக்கும் வேலை. ஆவணத்தைப் படித்துத் தவறாக எழுதினாலும், ஒரு மனிதர் பார்க்கும் வரை அது வெறும் எழுத்துதான்.

அடுத்த படி, ஏ.ஐ.க்கு உங்கள் ஸ்டேட் ஃபைலையும் ஓடும் கிளவுடையும் பார்க்கக் கொடுப்பது. ஆசை புரிகிறது, "இப்ப என்ன ஓடிட்டிருக்கு?" என்று தெரியாமல் அது எப்படி உதவும்? ஆனால் ஸ்டேட் ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ளிட்ட ரகசியங்கள் பல நேரம் பச்சையாக, எந்தப் பூட்டும் இல்லாமல் இருக்கும். டெராஃபார்மின் பழைய, எல்லோருக்கும் தெரிந்த பலவீனம் இது. ரகசியத்தைப் பதிவேட்டில் எழுதாமலே பயன்படுத்தும் வசதி 2024 இறுதியில் வந்த 1.10 வெளியீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஏற்கெனவே இருக்கும் கோடு தானாக மாறாது. அந்த ஃபைலை ஏ.ஐ. படித்தால், படித்தது எல்லாம் மாடல் ஓடும் இடத்துக்கு, பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். வாடிக்கையாளர் வங்கியோ மருத்துவமனையோ என்றால் இந்த ஒரு வரிக்காகவே ஒப்பந்தம் ரத்தாகலாம்.

அதற்கும் அடுத்த படிதான் 'அப்ளை'யும் 'டெஸ்ட்ராய்'யும். ஹாஷிகார்ப்பின் எம்.சி.பி. சர்வர் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுப்போடு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்தான செயல்பாடுகள் தொடக்கத்தில் மூடியே இருக்கும், வேண்டுமென்றால் நீங்கள் தனியாகத் திறக்க வேண்டும். ஆனால், அந்தக் கதவு மட்டும் மூடியிருந்து என்ன பயன்? கோடிங் உதவியாளர்கள் பலவும் உங்கள் டெர்மினலிலேயே நேரடியாக கமாண்ட் ஓட்டுகின்றன. அந்த லேப்டாப்பில் அட்மின் அதிகாரம் கொண்ட சாவி சேமித்து வைக்கப்பட்டிருந்தால், எம்.சி.பி. எதுவும் இல்லாமலே ஏ.ஐ. எல்லாவற்றையும் செய்துவிடும். டேட்டாடாக்ஸ் கிளப்பை வீழ்த்தியது இந்த வாசல்தான். அங்கே ஏ.ஐ. இலக்கணப் பிழை எதுவும் செய்யவில்லை. கமாண்ட் சரி, எழுத்து சரி. எத்தனை ஆவணம் படித்திருந்தாலும் அந்தப் பிழையைத் தடுத்திருக்காது.

2025 ஜூலையில் 'ரெப்லிட்' விவகாரமும் இதே ரகம். சாஸ்டர் நிறுவனர் ஜேசன் லெம்கின், "இப்போது எதையும் மாற்றாதே" என்று எழுத்தில் சொல்லியிருந்தும், ஏ.ஐ. ஏஜென்ட் நிஜ டேட்டாபேஸை அழித்தது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரம் அதில் இருந்தது. மீட்க வழியே இல்லை என்றும் ஏஜென்ட் சொன்னது. அதுவும் பொய், மீட்க முடிந்தது. ரெப்லிட் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் பிரிப்பதாக அறிவித்தார். "செய்யாதே" என்று சாட்டில் சொல்வது வேண்டுகோள். அனுமதியே கொடுக்காமல் இருப்பதுதான் பூட்டு.

படிப்பதிலும் விஷம் கலக்கலாம்

அப்படியானால் படிக்க மட்டும் கொடுத்தால் நூறு சதவீதம் பாதுகாப்பா? இல்லை. மாடலுக்கு ஆவணமும் எழுத்துதான், கட்டளையும் எழுத்துதான். எங்கே தகவல் முடிந்து எங்கே உத்தரவு தொடங்குகிறது என்பதை அது எப்போதும் சரியாகப் பிரித்தறிவதில்லை. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான்: கிட்ஹப்பில் யாரும் எழுதக்கூடிய பொதுப் புகார்ப் பகுதியில் தந்திரமாக ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள், கிட்ஹப் எம்.சி.பி. சர்வரோடு இணைந்திருந்த ஏ.ஐ. அதைப் படித்து, உரிமையாளரின் தனிப்பட்ட ரெப்போவிலிருந்த தகவலை வெளியே கொண்டுவந்து கொட்டியது.

அதே ஆண்டு ஜூலையில் இன்னும் நெருக்கமாக ஒன்று நடந்தது. அமேசானின் சொந்த ஏ.ஐ. கோடிங் உதவியாளரான 'அமேசான் கியூ'வின் எடிட்டர் எக்ஸ்டென்ஷன், 1.84 வெளியீடு. வெளியாள் ஒருவர் நுழைத்த வரிகள், கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையும் கிளவுட் பொருள்களையும் துடைத்தழிக்கும்படி ஏ.ஐ.க்கு உத்தரவிட்டன. அந்த உத்தரவு சரியான வடிவத்தில் இல்லாததால் ஓடவில்லை, வாடிக்கையாளர்கள் யாருக்கும் பாதிப்பு இல்லை என்றது அமேசான். நுழைத்தவர் கொஞ்சம் கவனமாக எழுதியிருந்தால்?

டெராஃபார்ம் பொதுப் பதிவகத்தில் அதிகாரபூர்வ இணைப்பான்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பதிவேற்றிய ஆயிரக்கணக்கானவையும் இருக்கின்றன. ஏ.ஐ. எதன் ஆவணத்தை எடுத்துப் படிக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. 'பிளான்' ஓட்டுவது வெறும் எட்டிப்பார்ப்பது, அதில் ஆபத்தே இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல்: பிளான் ஓடும்போதே இணைப்பானின் கோடும் சில வெளி ஸ்கிரிப்ட்களும் உங்கள் இயந்திரத்தில் ஓடும்.

மனிதர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் போதாதா?

நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது: "கடைசியில் ஒரு மனிதர் ஓகே கொடுக்கிறார்." யார் அந்த மனிதர்? பெரும்பாலும் இரண்டு மூன்று வருட அனுபவம் உள்ள ஒருவர், இரவு ஷிஃப்ட்டில். ஏ.ஐ. நிமிடத்துக்கு ஒரு முறை "ஓட்டவா?" என்று கேட்கிறது. முதல் பத்து முறை படிக்கிறார். இருபதாவது முறை கண்ணை ஓட்டுகிறார். நாற்பதாவது முறை கை தானாக என்டரைத் தட்டுகிறது. "இனிமேல் கேட்காதே" என்ற வசதியையும் பல கருவிகள் தருகின்றன. அதைத் தேர்ந்தெடுப்பவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிளானைப் படிப்பதும் ஒரு கலை. டேட்டாபேஸின் ஏதோ ஓர் அமைப்பை மாற்றியிருப்பீர்கள், சின்ன மாற்றம்தான். பிளானில் இருநூறு வரிகளுக்கு நடுவே ஒரு வரி, இந்தப் பொருளை 'ரீப்ளேஸ்' செய்தாக வேண்டும் என்று சொல்லும். சில அமைப்புகளை இருந்த இடத்தில் மாற்ற முடியாது. பழையதை அழித்துவிட்டுப் புதியதைக் கட்டுவார்கள். சர்வருக்குப் பரவாயில்லை. டேட்டாபேஸுக்கு? புதியது காலியாக வரும். பட்டியலின் கடைசி வரியில் '1 ஆட், 0 சேஞ்ச், 1 டெஸ்ட்ராய்' என்று இருக்கும். மொத்த ஆபத்தும் அந்த மூன்றாவது எண்ணில் இருக்கிறது.

இதெல்லாம் ஏ.ஐ. வந்ததால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிப்பு கமாண்டைக் கொடுத்தார். சுமார் 300 ஜி.பி. தரவில் மிஞ்சியது 4.5 ஜி.பி. அடுத்த மாதமே அமேசான் எஸ்3 சில மணி நேரம் முடங்கி அமெரிக்க இணையத்தின் பெரும்பகுதி தடுமாறியதற்கும், ஒருவர் தவறாக டைப் செய்த ஒரு கமாண்ட்தான் காரணம். அந்தப் பொறியாளர்கள் கமாண்டைத் தாங்களே டைப் செய்தார்கள். இன்று டைப் செய்வது ஏ.ஐ.; மனிதர் என்டர் மட்டும் தட்டுகிறார். டைப் செய்யும்போது கிடைக்கும் அந்த இரண்டு நொடி யோசனையும் போய்விட்டது.

நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

ஆவண இணைப்பை இன்றே கொடுத்துவிடலாம். அதிகாரபூர்வப் பதிவகத்தோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து குறைவு, பலன் அதிகம். இதைத் தடுத்து வைத்திருக்கும் நிறுவனங்களில் ஊழியர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாதா? சொந்த போனில் சாட்பாட்டைத் திறந்து, கோடை ஒட்டிக் கேட்பார்கள். அது இன்னும் மோசம்.

மாற்றும் அதிகாரத்தை லேப்டாப்பில் வைக்கவே கூடாது, ஏ.ஐ. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பழைய விதிதான். ஏ.ஐ. கோடை எழுதட்டும், புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பட்டும். பைப்லைன் பிளானை உருவாக்கட்டும், இன்னொருவர் படித்து ஒப்புதல் தரட்டும், சேமித்த அதே பிளான் மட்டும் அப்ளை ஆகட்டும். ஏ.ஐ. உட்கார்ந்திருக்கும் இடத்தில் உள்ள சாவிக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும். ஸ்டேட் ஃபைல் அந்தப் பார்வையிலும் வர வேண்டாம். வேகம் குறையும் என்பார்கள். குறையும்தான். ஆனால் கோடு எழுத ஆன மூன்று மணி நேரம் பத்து நிமிடமான பிறகு, படித்துப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குவதில் என்ன கஷ்டம்?

ஒரு நுணுக்கம். டெராஃபார்மில் 'பிரிவென்ட் டெஸ்ட்ராய்' என்று ஒரு வரி எழுதலாம். அந்தப் பொருளை அழிக்க முயன்றால் தடுக்கும். பலர் இதை நம்பி நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால், அந்தப் பொருளின் மொத்த பிளாக்கையும் கோடிலிருந்து நீக்கினால் அந்த வரியும் சேர்ந்தே போய்விடும், பாதுகாப்பும் போய்விடும். எர்ரரைச் சரிசெய் என்று சொன்னால், தடையாக நிற்கும் வரியையே நீக்கிவிடுவது ஏ.ஐ.க்குப் புதிதல்ல. டேட்டாபேஸை அழிப்பதற்கு எதிரான பாதுகாப்பை கிளவுடின் பக்கத்திலும் போட்டுவைத்து, அதை எடுக்கும் அனுமதி அந்தச் சாவிக்கு இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் உறுதியான வழி. பேக்கப்பையும் டெராஃபார்மின் கைக்கு எட்டாத வேறொரு அக்கவுன்ட்டில் வைக்க வேண்டும். டேட்டாடாக்ஸ் கிளப் நிர்வாகியும் சம்பவத்துக்குப் பிறகு அழிப்புத் தடையைப் போட்டார், பதிவேட்டை எஸ்3-க்கு மாற்றினார், டெராஃபார்ம் ஓட்டும் உரிமையை ஏ.ஐ.யிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

பதிவில் யார் பெயர்?

இந்தத் துறையில் இருக்கும் இளைஞர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கிளவுடில் யார் எதைச் செய்தார் என்று ஒரு தணிக்கைப் பதிவு இருக்கும். அமேசானில் அதன் பெயர் 'கிளவுட்ட்ரெய்ல்'. உங்கள் லேப்டாப்பில் உங்கள் சாவியை வைத்து ஏ.ஐ. ஒரு டேட்டாபேஸை அழித்தால், அழித்தவர் என்று அங்கே பதிவாவது உங்கள் அடையாளம். மறுநாள் காலை மீட்டிங்கில் "நான் பண்ணல சார், ஏ.ஐ. பண்ணுச்சு" என்று சொல்லலாம். திரையில் இருப்பது உங்கள் யூசர் பெயராக இருக்கும். வாடிக்கையாளருக்கு அறிக்கை எழுதும் மேனேஜருக்கு அந்த ஒரு வரி போதும்.

இதற்குத் தீர்வு கடினமானதே இல்லை. ஏ.ஐ. ஏஜென்ட்டுக்கென்று தனி அடையாளம், தனி 'ரோல்', அதற்குத் தேவையான குறைந்த அனுமதி மட்டும், சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சாவி. இவை அனைத்தும் அமேசான், அஸூர், கூகுள் மூன்றிலும் பல ஆண்டுகளாக இருக்கும் வசதிகள், தனிச்செலவும் கிடையாது. ஆனால், இதை அமைப்பதற்கு யாராவது அரை நாள் உட்கார வேண்டும். "ஏ.ஐ. டூல் எல்லாருக்கும் கொடுத்தாச்சு, இந்த குவார்ட்டர்ல எல்லாரும் யூஸ் பண்ணணும்" என்று உங்கள் குழுவுக்கு மெயில் வந்திருந்தால், அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: அந்த டூல் யாருடைய சாவியில் ஓடுகிறது?